லண்டனில் மூன்று மாத ஆன்சைட்: சனி ஞாயிறில் ஊர் பார்ப்பது எப்படி

மூன்று மாத ஆன்சைட் (கம்பெனி வேலையாக வெளிநாட்டில் தங்குவது) என்றால் பன்னிரண்டு வாரக் கடைசி, இருபத்து நான்கு நாள். கேட்பதற்கு நிறைய மாதிரி இருக்கும். முதல் சனி ஞாயிறு வீடு, சிம் கார்டு, கம்பளி ஜாக்கெட் என்று ஓடிவிடும். கடைசியது பெட்டி கட்டுவதில் போகும். நடுவில் ஒரு மென்பொருள் ரிலீஸ், ஒரு ஜலதோஷம், நாள் முழுக்கக் கொட்டும் மழை. கழித்துப் பார்த்தால் கையில் பதினைந்து நாள் மிஞ்சும். 'பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருப்பவர்கள் பிக் பென் முன்னால் எடுத்த ஒரே படத்தோடு விமானம் ஏறுகிறார்கள்.

அதற்காக ஒரு நாளைக்கு ஆறு இடம் என்று பட்டியல் போட்டாலும் உருப்படாது. அந்த ஆறில் பாதி நேரம் ட்யூப் என்னும் சுரங்க ரயிலில் கழியும். ஊரைப் பார்க்கவே மாட்டீர்கள். சரியாக வரும் வழி ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒரு கோடு. ஒரு நிலையத்தில் இறங்கி, ஐந்திலிருந்து எட்டு கிலோமீட்டர் நடந்து, வேறொரு நிலையத்தில் ஏற வேண்டும். கோட்டின் நடுவே உள்ளே போய்ப் பார்க்க ஒரே ஒரு இடம். முடியும் இடத்தில் நல்ல சாப்பாடும், வீட்டுக்கு மாறாமல் போகும் ரயிலும் இருக்க வேண்டும். கால் களைத்த பிறகு இரண்டு ரயில் மாறுவதுதான் அடுத்த வாரம் கிளம்பவிடாமல் செய்யும்.

ட்யூப் படத்தை நம்பி நடக்காதீர்கள்

ட்யூப் வரைபடம் எந்த ரயில் எதோடு சேர்கிறது என்று காட்டும், தூரத்தைக் காட்டாது. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டன் முந்நூறு மீட்டர்கூட இல்லை. அதற்காகப் படியிறங்கி, ரயில் பிடித்து, லிஃப்டுக்கு வரிசையில் நின்று மேலே வருபவர்கள் தினமும் உண்டு. பேஸ்வாட்டரும் குவீன்ஸ்வேயும் படத்தில் வெவ்வேறு லைன்கள். தரையில் ஒரே தெருவில் இரண்டு நிமிட நடை. நகர மையத்தில் இரண்டு ஸ்டாப்புக்குள் என்றால் முதலில் நடக்கும் நேரத்தைப் பாருங்கள்.

தெருவோரம் நிற்கும் வழிகாட்டிப் பலகைகளில் ஒரு சூட்சுமம். அந்த வரைபடத்தில் வடக்கு மேலே இருக்காது. நீங்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறீர்களோ அதுதான் மேலே. இது தெரியாமல் எதிர்த்திசையில் கால் மணி நேரம் நடப்பது புதிதாக வந்தவர்களுக்கு வாடிக்கை. தெரிந்துகொண்டால் போனை வெளியே எடுக்காமலே பாதி ஊரைச் சுற்றலாம்.

அஞ்சல் குறியீட்டு எண்ணும் ஏமாற்றும். ஈ 1 மையத்தை ஒட்டி இருக்கிறது, அப்படியானால் ஈ 4 கொஞ்சம் தள்ளி இருக்கும் என்று நினைப்போம். ஒன்றாம் எண்ணுக்குப் பிறகு வருபவை பேட்டைகளின் ஆங்கிலப் பெயரின் அகர வரிசை: ஈ 2 பெத்னல் கிரீன், ஈ 3 போ, ஈ 4 சிங்ஃபோர்டு. சிங்ஃபோர்டு ஊரின் வடகிழக்கு ஓரம், காட்டை ஒட்டியது. நண்பர் வீட்டு அழைப்பானாலும் தற்காலிக அறையானாலும் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கார்டைத் தட்டுவது

கான்டாக்ட்லெஸ் வங்கி அட்டை, போன், பணம் ஏற்றிக்கொள்ளும் ஆய்ஸ்டர் பயணக் கார்டு மூன்றுக்கும் ஒரே கட்டணம். ஒரு நாளில் எவ்வளவு சுற்றினாலும் ஓர் உச்சவரம்புக்கு மேல் எடுக்க மாட்டார்கள். வாரத்துக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு. அந்த வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். ஐந்து நாளும் ட்யூபில் அலுவலகம் போனவருக்கு வெள்ளி இரவே வரம்பு பக்கத்தில் வந்திருக்கும்; சனி ஞாயிறு சுற்றுவதற்குக் கொஞ்சம்தான் கூடுதலாகச் செலவாகும். இரண்டு நாள் மட்டும் அலுவலகம் என்றால் இந்தக் கணக்கு உதவாது, பஸ்ஸைப் பிடியுங்கள்.

இந்த வரம்பு ஒரே கருவிக்குத்தான் பொருந்தும். காலையில் அட்டையையும் மாலையில் அதே அட்டையை ஏற்றிய போனையும் தட்டினால் இரண்டு ஆள் பயணம் செய்ததாகவே கணினி எடுத்துக்கொள்ளும். வரம்பும் சேராது, ஏறும்போது ஒன்று, இறங்கும்போது மற்றொன்று என்றால் இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும். இந்திய வங்கி அட்டை பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தை வங்கி எடுக்கிறதா என்று முதல் வாரமே கணக்கைப் பாருங்கள். எடுக்கிறதென்றால் ஆய்ஸ்டர் வாங்கி மொத்தமாகப் பணம் போட்டுக்கொள்வது மேல்.

டி.எல்.ஆர் (கிழக்கு லண்டனின் இலகு ரயில்), ஓவர்கிரவுண்ட் (தரைமேல் ஓடும் நகர ரயில்) நிலையங்கள் சிலவற்றில் தடுப்புக் கதவே இருக்காது, ஒரு கம்பத்தில் மஞ்சள் வட்டம் மட்டும் இருக்கும். கதவு இல்லையே என்று நேரே வெளியே நடந்துவிட்டால் பயணம் முடியவில்லை என்று பதிவாகி அதிகபட்சக் கட்டணம் போகும். பஸ்ஸில் இதற்கு நேர்மாறு: ஏறும்போது மட்டும் தட்ட வேண்டும். காசு வாங்குவதை லண்டன் பஸ்கள் 2014இலேயே நிறுத்திவிட்டன. 2025 நிலவரப்படி பஸ் கட்டணம் 1.75 பவுண்டு, முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசுதான்.

மாடி பஸ்ஸின் மேல்தள முன் இருக்கைக்கு ஈடான சுற்றுலா வண்டி கிடையாது. ஹாம்ஸ்டெட் ஹீத்திலிருந்து கேம்டன், டிரஃபால்கர் ஸ்கொயர், வெஸ்ட்மின்ஸ்டர் வழியாகப் பிம்லிகோ போகும் 24ஆம் எண் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதே காட்சிகளுக்குச் சுற்றுலா பஸ்காரர்கள் பல மடங்கு வாங்குகிறார்கள்.

முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் தவறவிடும் சலுகை ஒன்று உண்டு. 26-30 ரெயில்கார்டு, அதற்குக் கீழே 16-25. பாஸ்போர்ட்டைக் காட்டி யாரும் வாங்கலாம். ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ட்யூப் நிலைய ஊழியரிடம் கொடுத்து ஆய்ஸ்டரோடு இணைத்துக்கொண்டால் நெரிசல் இல்லாத நேரத்து ட்யூப் கட்டணமும் அதே அளவு குறையும். சனி ஞாயிறு முழுக்கவே நெரிசலற்ற நேரக் கணக்குதான். இதை வங்கி அட்டையோடு இணைக்க முடியாது, ஆய்ஸ்டர்தான் வேண்டும். முப்பதைத் தாண்டியவர்கள் வெளியூர் ரயிலுக்கு நெட்வொர்க் ரெயில்கார்டு வாங்கலாம். அதற்கு வயது வரம்பு இல்லை, தென்கிழக்கு இங்கிலாந்துக்குள் மட்டும் செல்லும், ட்யூபுக்கு உதவாது.

வியாழன் இரவு பத்து நிமிடம்

லண்டனில் தண்டவாள வேலை பெரும்பாலும் சனி ஞாயிறில்தான் நடக்கும். ஒரு லைன் பாதி மூடியிருக்கும், இன்னொன்று முழுதாக. லண்டன் போக்குவரத்துத் துறையின் செயலியில் வார இறுதிக்கான மூடல்களை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். வியாழன் இரவு அதைப் பாருங்கள். உங்கள் கோட்டின் இரு முனைகளும் திறந்திருக்கின்றனவா என்பது மட்டும் போதும். இல்லையென்றால் கோட்டை மாற்றுங்கள். மாற்று பஸ்ஸில் சமாளிக்கலாம் என்று கிளம்பினால், நாற்பது நிமிடப் பயணம் ஒன்றரை மணி நேரமாகும்.

ஞாயிறு இரண்டு விதத்தில் மோசம். ரயில்கள் தாமதமாகத் தொடங்கும், வெளியூர்ப் பாதைகளில் வேலையும் அதிகம். அதனால் வெளியூரைச் சனிக்கு வையுங்கள், உள்ளூரை ஞாயிறுக்கு. பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஞாயிறில் சட்டப்படி ஆறு மணி நேரம்தான் திறக்கலாம்; சுற்றிவிட்டு ஏழு மணிக்கு அரிசி வாங்கப் போனால் ஷட்டர் மூடியிருக்கும். மூலையில் இருக்கும் சிறிய கிளைக் கடைகள் இரவு வரை இருக்கும், விலை சற்றுக் கூடுதல்.

வெளிச்சத்தையும் அதே பத்து நிமிடத்தில் பார்த்துவிடுங்கள். ஜூனில் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டு. குளிர்காலத்தில் வந்தவர்கள் 'காலையில் குளிர், மியூசியத்தில் இருந்துவிட்டு வெயில் வந்ததும் நடக்கலாம்' என்று திட்டம் போடுவார்கள். மூன்று மணிக்கு வெளியே வந்தால் பூங்காவின் பாதியிலேயே கண் தெரியாது. ரீஜென்ட்ஸ் பார்க் போன்றவை இருட்டுவதோடு கதவையும் பூட்டிவிடும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஒன்பதரைக்கு நடையைத் தொடங்குங்கள், மியூசியம் பிற்பகலுக்கு. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறில் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். போன் தானாக மாறிக்கொள்ளும். சென்னையிலிருந்து வரும் அழைப்புகளின் நேரம்தான் குழம்பும்.

குடையை அறையிலேயே விடலாம். இங்கே மழை பெரும்பாலும் தூறல். ஆற்றங்கரைக் காற்றில் குடை பூப்போல மலர்ந்து கம்பி முறியும். தலைமூடி வைத்த, நீர் புகாத மெல்லிய ஜாக்கெட்டும், உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய உடுப்பும் போதும். ட்யூபுக்குள் வேர்க்கும், அதனால் ஒரே கனத்த கோட்டு தொல்லை.

முதல் சனி: தென்கரை

படங்களில் பார்த்த லண்டனை, சுற்றக் கிடைக்கும் முதல் சனியிலேயே முடித்துவிடுவது நல்லது. பிறகு அதைப் பற்றிய கவலை இருக்காது. ஊர்க்காரர்கள் அனுப்பச் சொல்லும் போட்டோக்களும் தீர்ந்துவிடும்.

எல்லோரும் வெஸ்ட்மின்ஸ்டரில் தொடங்கிக் கிழக்கே நடப்பார்கள். நீங்கள் காலை ஒன்பதுக்கு டவர் ஹில்லில் இறங்குங்கள். நிலைய வாசலிலேயே ரோமானியர் கட்டிய மதிலின் ஒரு துண்டு நிற்கிறது. மேலே உள்ள பகுதி இடைக்காலத்தது, அடிப்பகுதிதான் ரோமானியர் வேலை. டவர் பிரிட்ஜை நடந்து கடக்கக் காசில்லை. பாலம் ஆண்டுக்குச் சுமார் 800 முறை திறக்கிறது, நேரம் முன்கூட்டியே இணையத்தில் இருக்கும். காலையில் ஒன்று இருந்தால் அதற்கேற்பக் கிளம்புங்கள். தென்கரையில் இறங்கி மேற்கே நடந்தால் பத்து மணிக்குள் பரோ மார்க்கெட் என்ற உணவுச் சந்தை. பன்னிரண்டுக்கு மேல் அங்கே தோள் இடிக்காமல் நகர முடியாது. காலையில் தொடங்கச் சொல்வதற்குக் காரணமே இதுதான். அங்கிருந்து டேட் மாடர்ன் கலைக்கூடம், எதிரே நடைபாலத்தின் மறுமுனையில் செயின்ட் பால்ஸ், பிறகு லண்டன் ஐ, கடைசியில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம். மொத்தம் சுமார் 5 கிலோமீட்டர். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேல் மூன்று கிண்ணம், ஒரு பந்து வைத்து ஆள் சேர்ப்பவர்களைப் பார்ப்பீர்கள். ஜெயிப்பவரும் அவர்கள் ஆள்தான். நிற்காமல் போங்கள்.

கால்வாய்

ஊரை நன்றாகக் காட்டும் ஒரே கோட்டைச் சொல்லச் சொன்னால் ரீஜென்ட்ஸ் கனாலைச் சொல்லலாம். 1820இல் திறந்த சரக்குக் கால்வாய். குதிரைகள் படகை இழுத்துப் போன கரைப்பாதையே இன்றைய நடைபாதை.

வார்விக் அவென்யூவில் இறங்கி லிட்டில் வெனிஸ். கிழக்கே கொஞ்ச தூரம் கரைப்பாதை படகு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என்பதால் இணையாகப் போகும் புளோம்ஃபீல்டு ரோட்டிலேயே நடங்கள். எட்ஜ்வேர் ரோட்டில் கால்வாய் சுரங்கத்துக்குள் புகுந்துவிடும், உள்ளே நடைபாதை இல்லை. பலரும் இங்கே வழி முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்புகிறார்கள். சாலையைக் கடந்து அபெர்தீன் பிளேஸ் வழியாக நேரே போனால் லிசன் குரோவுக்குப் பக்கத்தில் திரும்பவும் கரைக்கு இறங்கலாம். பிறகு விலங்குக்காட்சி சாலையின் நடுவாகவே பாதை போகும், இருபுறமும் கூண்டுகள். அதைத் தாண்டியதும் இடப்பக்கம் ஏறினால் பிரிம்ரோஸ் ஹில். உயரம் 63 மீட்டர்தான், ஆனால் மையத்து லண்டன் முழுதும் தெரியும். மலைக்குப் பின்புறம் ஐந்து நிமிடத்தில், கிங் ஹென்றிஸ் ரோடு 10ஆம் எண் வீடு: 1921-22இல் அம்பேத்கர் இங்கே தங்கிப் படித்தார். மகாராஷ்டிர அரசு வாங்கி நினைவகமாக வைத்திருக்கிறது. திறக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

கேம்டன் லாக் வரை 4 கிலோமீட்டர். சனி பிற்பகல் கேம்டன் சந்தை தேர்த்திருவிழா மாதிரி. பிடிக்காவிட்டால் ஏறாமல் கரையோடு இன்னும் 2 கிலோமீட்டர் நடந்து கிங்ஸ் கிராஸ் போய்விடுங்கள். ஆறு ட்யூப் லைன் சேரும் இடம், எங்கே தங்கியிருந்தாலும் வீட்டுக்கு எளிது. கால் தாங்கினால் பக்கத்திலேயே பிரிட்டிஷ் லைப்ரரியில் பழைய உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவை இலவசமாகப் பார்க்கலாம்.

கரைப்பாதை குறுகல். பாலங்களுக்கு அடியில் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு வரும். நாலு பேராகக் கைகோத்து நடக்காதீர்கள், ஒற்றை வரிசை.

வடக்கே: பழைய ரயில் பாதையும் முருகனும்

ஃபின்ஸ்பரி பார்க்கில் தொடங்கி ஹைகேட் வரை கைவிடப்பட்ட ரயில் பாதை ஒன்று காட்டுப்பாதையாகக் கிடக்கிறது. பார்க்லேண்ட் வாக் என்று பெயர். தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், பழைய பிளாட்பாரங்கள் மட்டும் புல் மூடி நிற்கின்றன. சுமார் மூன்று கிலோமீட்டர், ஏற்றமே தெரியாத நடை. குளிர்காலத்தில் சேறு, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வேண்டாம்.

ஹைகேட் முனையில் வெளியே வந்தால் ஆர்ச்வே ரோடு. தெற்கே பத்து நிமிடம் இறங்கினால் ஹைகேட் முருகன் கோயில், ஈழத் தமிழர்கள் முன்னின்று எழுப்பியது, 1986 முதல் இருக்கிறது. இங்குள்ள கோயில்களும் நம்மூர் போலவே மதியம் நடை சாத்தும். அதனால் பாதையை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குள் கோயில் சேர்வது பாதுகாப்பு. பக்கத்திலேயே லாங்டன் பார்க் ரோட்டில் 30ஆம் எண் வீட்டுச் சுவரில் ஒரு நீல வட்டப் பலகை இருக்கும்: இந்தியாவின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன் வாழ்ந்த வீடு. இத்தகைய பலகைகள் 1867இலிருந்து ஊரெங்கும் பதிக்கப்படுகின்றன. நடக்கும்போது முதல் மாடி உயரத்தில் ஒரு கண் வைத்திருங்கள்.

இன்னும் தெம்பு இருந்தால் ஹைகேட் கிராமத்தைத் தாண்டி ஹாம்ஸ்டெட் ஹீத். கென்வுட் மாளிகையின் ஓவியங்களுக்குக் கட்டணமில்லை. பார்லிமென்ட் ஹில்லில் ஏறி ஊரைப் பார்த்துவிட்டு, கீழே 24ஆம் எண் பஸ்.

கிரீனிச்

இதற்கு நேர ஒழுங்கு முக்கியம். பேங்க் நிலையத்தில் டி.எல்.ஆர் ஏறுங்கள். ஓட்டுநர் இல்லாத ரயில், முன் சீட்டு காலியாக இருந்தால் உங்களுக்கு. கிரீனிச் வரை போகாமல், ஆற்றைக் கடக்குமுன் வரும் ஐலண்ட் கார்டன்ஸில் இறங்குங்கள். ஆற்றுக்கு அப்பால் கடற்படைக் கல்லூரி முழு நீளத்துக்கும் தெரிவது இங்கிருந்துதான். பிறகு 1902இல் திறந்த நடைச்சுரங்கம் வழியாக தேம்ஸுக்கு அடியில் 370 மீட்டர் நடந்து மறுகரை. லிஃப்ட் பல நாள் வேலை செய்யாது, நூறு படி ஏறத் தயாராக இருங்கள்.

குன்றின் உச்சியில் வானாய்வகக் கூரையில் ஒரு சிவப்புப் பந்து. 1833 முதல் கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரிசெய்ய வைத்தது. 12.55க்குக் கம்பத்தில் பாதி ஏறும், 12.58க்கு உச்சி, சரியாக ஒரு மணிக்கு விழும். பன்னிரண்டே முக்காலுக்கு மேலே இருக்கும்படி கணக்குப் போடுங்கள். சுழியத் தீர்க்கரேகைக் கோட்டில் கால் வைத்துப் படம் எடுக்க உள்ளே கட்டணம். வெளியே வடக்குப் பக்க நடைபாதைச் சுவரிலும் அதே கோடு குறிக்கப்பட்டிருக்கிறது, வரிசையும் இல்லை. போனில் பார்த்தால் அங்கே சுழியம் காட்டாது. செயற்கைக்கோள் கணக்கின் சுழியக் கோடு 102 மீட்டர் கிழக்கே பூங்காவுக்குள் போகிறது. கீழே தேசியக் கடல்சார் மியூசியம் இலவசம். திரும்பப் படகில் போனால் அழகு, ஆனால் படகுக் கட்டணம் தினசரி வரம்பில் சேராது.

வெள்ளி மாலையும் ஞாயிறு காலையும்

குளிர்காலம் தவிர, பெரிய மியூசியங்களைச் சனி பிற்பகல் பார்ப்பது வீண். வெள்ளிக்கிழமைகளில் பிரிட்டிஷ் மியூசியம் எட்டரை வரை, நேஷனல் கேலரி ஒன்பது வரை, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் பத்து வரை திறந்திருக்கும். அலுவலகத்திலிருந்து நேரே போகலாம், கூட்டமும் பாதி. பிரிட்டிஷ் மியூசியத்தில் 33ஆம் கூடத்துச் சோழர் கால நடராசரையும், அதை ஒட்டிய அமராவதிச் சிற்பங்களையும் மட்டும் ஒரு மாலையில் பாருங்கள். மொத்த மியூசியத்தையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவருக்குக் கால்வலிதான் நினைவிருக்கும். பின்வாசல் வழியாக மான்டேகு பிளேஸில் வெளியே வந்தால் சில நிமிடத்தில் ரஸல் ஸ்கொயரை ஒட்டிய கீழைத்தேய ஆய்வுப் பள்ளி. அதன் வளாகத்தில் 1996 முதல் திருவள்ளுவர் சிலை இருக்கிறது.

ஞாயிறு காலை நகரின் நிதிப் பகுதியில் ஆளே இருக்க மாட்டார்கள். வார நாளில் நிற்க இடமில்லாத சந்துகள் உங்களுக்கே சொந்தம். லெடன்ஹால் மார்க்கெட்டின் இரும்புக் கூரை, குண்டுவீச்சில் கூரையிழந்து தோட்டமாகிவிட்ட செயின்ட் டன்ஸ்டன் தேவாலயம் இரண்டையும் அப்போது பாருங்கள். காபிக் கடைகளும் மூடியிருக்கும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஸ்கை கார்டன் மேல்தளத்துக்குக் கட்டணமில்லை. மூன்று வாரம் முன்பே பதிவு திறக்கும், சனி ஞாயிறு இடங்கள் சீக்கிரம் தீரும்.

வெயில் அடிக்கும் ஞாயிறானால் ரிச்மண்ட். குன்றேறி, பார்க்குக்குள் கிங் ஹென்றிஸ் மவுண்டில் வைத்திருக்கும் தொலைநோக்கியில், மரங்களை வெட்டி விட்ட இடைவெளி வழியே 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செயின்ட் பால்ஸ் கோபுரம் தெரியும். மான்களிடமிருந்து 50 மீட்டர் விலகியே நில்லுங்கள், செப்டம்பர் அக்டோபரில் ஆண் மான்கள் முட்டும் பருவம். இறங்கி ஆற்றோரமாகத் திரும்பும்போது கடல் ஓதம் ஏறினால் பாதையே தண்ணீருக்குள் போகும். ஓத நேரத்தைப் பார்க்காமல் போனவர்கள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதை அங்கே அடிக்கடி காணலாம்.

சாப்பாடு, கழிப்பறை, போன்

கட்டுச்சோறு எடுத்துப் போவதில் வெட்கம் வேண்டாம். இந்த ஊர்க்காரர்களே பூங்காவில் சாண்ட்விச் பிரித்துத்தான் சாப்பிடுகிறார்கள். புளியோதரை, எலுமிச்சைச் சாதம் நிற்கும். தயிர் சாதம் ஜூலைக்குச் சரி, டிசம்பர் பெஞ்சில் தொண்டையில் இறங்காது. சூப்பர்மார்க்கெட்டின் 'மீல் டீல்' (சாண்ட்விச், நொறுக்கு, பானம் சேர்ந்த பொதி) ஆபத்துக்கு உதவும்.

நம் சாப்பாடு வேண்டுமென்றால் கோட்டை அங்கே முடியுங்கள். டூட்டிங் பிராட்வே பக்கம் இடியாப்பம், சொதி, கொத்து ரொட்டி, ரோல்ஸ். ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் தோசைக் கடைகளும் கறிவேப்பிலை, முருங்கைக்காய் வாங்க மளிகைகளும். வெஸ்ட் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் கோயில். ஆகஸ்ட் வாக்கில் தேர் ஓடும் ஞாயிறு எது என்று தெரிந்துகொண்டு போனால் லண்டன் தெருவில் தேங்காய் உடைவதைப் பார்க்கலாம்.

தெருவில் கழிப்பறை அரிது. பெரிய ரயில் முனையங்களிலும் மியூசியங்களிலும் காசில்லை. கோட்டில் அவை எங்கே வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மின்சைக்கிளில் வந்து கையிலிருந்து போனைப் பறித்துப் போவது இங்கே வெகு சாதாரணம். நடைபாதை விளிம்பில், சாலையைப் பார்த்து நின்று வரைபடம் பார்ப்பவர்தான் குறி. கடை வாசலுக்குள் ஒதுங்கி, முதுகைச் சுவருக்குக் கொடுத்துப் பாருங்கள். வங்கிச் செயலியும் அலுவலக ஒப்புதல் செயலியும் அதே போனில்தான் இருக்கின்றன.

ஊரைத் தாண்டி மூன்று சனி

பாரிஸ் ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான். ஆனால் பிரிட்டிஷ் விசாவில் போக முடியாது, ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா தனி. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் இந்த விசாவே போதும்.

வெளியூருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். பாடிங்டனில் அட்டையைத் தட்டி ஏறினால் ரெடிங் வரைதான் செல்லும். ஆக்ஸ்ஃபர்டில் இறங்கினால் அபராதம். டிக்கெட்டை ரயில் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை. மூன்றிலிருந்து ஒன்பது பேர் சேர்ந்து போனால் ரெயில்கார்டு இல்லாமலே தென்கிழக்கின் பல பாதைகளில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு. 'குரூப்சேவ்' என்று தேடுங்கள்.

ஆக்ஸ்ஃபர்டில் கல்லூரிகளுக்கு முன்னால் வால்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபல்கர் இடுகாட்டுக்குப் போகலாம். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் 1908இல் இறந்து இங்கே அடக்கமானார். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்ற வாசகத்தைத் தேடாதீர்கள், அது பள்ளிக்கூடத்தில் கேட்ட கதை. கல்லை அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்தார்கள் என்று பொறித்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கிராஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்; டிரினிட்டி கல்லூரி ராமானுஜனை 1918இல் ஃபெலோவாக்கியது.

மூன்றாவது செவன் சிஸ்டர்ஸ் சுண்ணப்பாறை. லண்டனுக்குள் அதே பேரில் ஒரு ட்யூப் நிலையம் இருக்கிறது, அதற்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. விக்டோரியாவிலிருந்து லூயிஸில் மாறி சீஃபோர்டு போங்கள். அங்கிருந்து கடலோரமாக நடந்தால் குக்மியர் ஆற்று முகத்தில் வழி நின்றுவிடும். ஆற்றை அங்கே கடக்க முடியாது, உள்ளே எக்சீட் பாலம் வரை போய்ச் சுற்ற வேண்டும். அதற்குமுன் படம் எடுத்துவிடுங்கள்: ஏழு பாறையும் வரிசையாகத் தெரிவது ஆற்றின் இந்த மேற்குக் கரையிலிருந்துதான், மேலே ஏறிய பின் காலடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. எக்சீட்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் சுமார் 14 கிலோமீட்டர், ஏறி இறங்க ஐந்து மணி நேரம். விளிம்புக்கு அருகே போகாதீர்கள். சுண்ணாம்பு அடியில் அரிந்து போய் மேல்விளிம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், முன்னறிவிப்பில்லாமல் சரியும். தண்ணீர் இரண்டு லிட்டர், காற்றுக்குத் தொப்பி நிற்காது.

கிளம்பும் வாரம் ஆய்ஸ்டரில் மீதம் 10 பவுண்டுக்குள் இருந்தால் ட்யூப் நிலைய இயந்திரமே திருப்பித் தரும். போட்ட பணம் காலாவதியாகாது என்பதால் டீமில் அடுத்து வருபவருக்கு அப்படியே கொடுத்துவிடவும் செய்யலாம். ரெயில்கார்டு இணைத்த ஆய்ஸ்டரை மட்டும் கொடுக்காதீர்கள்; தள்ளுபடி உங்கள் பேருக்கு, பரிசோதகரிடம் மாட்டுவது அவர்.